மான் குறுக்கே வரும் சாலைக்குப் பலகை மட்டும் போதாது: நெடுஞ்சாலை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

காரைக்குடியைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் மானும் மாடும் குறுக்கே வரும் இடங்களில், விலங்கைக் கண்டறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகள் வைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்திருந்தோம். அதற்கு உங்களிடமிருந்து வந்த பதிலைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பதில் சொல்வது இரண்டே விஷயம். பதிவேடுகளின்படி இந்தப் பகுதியில் குறிப்பிடும்படியான வனவிலங்கு விபத்துகள் இல்லை. தேவையான இடங்களில் எச்சரிக்கைப் பலகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பை மூடிவிட்டீர்கள். இந்த இரண்டுமே சரியில்லை. ஏன் சரியில்லை என்பது இந்தச் சாலைகளில் போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நான் இந்த வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குத் தடுப்பூசி என்று ஊர் ஊராகப் போவதுதான் என் வேலை. ஆனால் சாலையில் மான் அடிபட்டால் வனத்துறைக்காரர்கள் கால்நடை மருத்துவரைத்தான் கூப்பிடுவார்கள். மருத்துவரோடு நானும் போவேன். விடியற்காலையில் பால்காரரோ, நடைப்பயிற்சிக்குப் போனவரோ பார்த்துத் தகவல் சொல்லியிருப்பார். நாங்கள் போகும்போது அது பெரும்பாலும் செத்துக் கிடக்கும். உயிரோடு இருந்தாலும் பிழைப்பது கடினம். புள்ளிமான் அதிர்ச்சியைத் தாங்காத பிராணி. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் கிடக்கும் மானை அறுத்துப் பார்த்தால் உள்ளே கல்லீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தமாக இருக்கும். வயிற்றில் குட்டியோடு கிடந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். உடற்கூறாய்வு முடிந்ததும் வனவர் மகஜர் (சம்பவ இடத்தில் எழுதும் அறிக்கை) எழுதுவார், குழி தோண்டிப் புதைப்பார்கள், அவரவர் வேலைக்குப் போய்விடுவோம்.

இப்போது உங்கள் பதிவேட்டுக்கு வருகிறேன். விபத்து நடக்கிறது, ஆனால் பதிவேட்டில் இல்லை. அது எப்படி என்று சொல்கிறேன்.

மான் செத்தால் அந்தக் கணக்கு வனச்சரக அலுவலகத்துக்குப் போகிறது. அதுவும் பார்த்தவர் தகவல் சொன்னால்தான். அடிபட்ட மான் நொண்டிக்கொண்டே கருவேலம் புதருக்குள் போய்ச் செத்தால் நாயும் நரியும் தின்றுவிடும், கணக்கு இல்லை. சாலை பராமரிப்பு ஆட்கள் காலையில் இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டால் அதற்கும் கணக்கு இல்லை. மோதிய கார்க்காரர் முகப்பு நொறுங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். வனத்துறை வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயே திறக்க மாட்டார். இருசக்கர வாகனத்தில் போனவர் விழுந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டில் "வண்டியிலிருந்து தவறி விழுந்து காயம்" என்று எழுதுவார்கள். இறந்துபோனால் காவல் நிலையத்தில் "தானே கட்டுப்பாட்டை இழந்து" என்று பதிவாகும். ஆக, மான் வனத்துறைக் கோப்பில், மனிதர் போலீஸ் கோப்பில், நொறுங்கிய வண்டி காப்பீட்டுக் கோப்பில். மூன்று கோப்பும் ஒரு மேசையில் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. உங்கள் மேசைக்கு ஒன்றும் வரவில்லை என்பதால் விபத்தே இல்லை என்று எழுதிவிட்டீர்கள்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இரவு வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். ஒரு மான் சாலையைக் கடந்து போனதைப் பார்த்து வேகத்தைக் குறைத்திருக்கிறான். அது போய்விட்டதே என்று மறுபடி வேகமெடுத்தபோது பின்னாலேயே வந்த இன்னொன்று அவன் மேலேயே பாய்ந்துவிட்டது. மான் கூட்டமாகக் கடக்கும். ஒன்று போனால் பின்னால் இன்னும் இருக்கும். இது காட்டோரத்தில் பிழைப்பவர்களுக்குத் தெரியும், பைக்கில் வீட்டுக்குப் போகிற இருபத்து சொச்ச வயதுப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தலைக்கவசம் போட்டிருந்ததால் உயிர் பிழைத்தான். தொடை எலும்பு உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான், வேலையும் போயிற்று. எதிர் வண்டி என்று ஒன்று இல்லாததால் நட்டஈடு கேட்கவும் ஆளில்லை. அவன் வழக்கும் "தானே தவறி விழுந்தார்" என்றுதான் இருக்கிறது. அவனுடைய அம்மா என்னிடம், "அண்ணே, மான்தான் மோதுச்சுன்னு எழுதச் சொன்னா, சாட்சி யாருன்னு கேக்குறாங்க" என்றார். உங்கள் பதிவேடு இப்படித்தான் உருவாகிறது.

செட்டிநாட்டில் காடே இல்லையே, மான் எங்கிருந்து வந்தது என்று வெளியூர் அதிகாரிகள் கேட்பதுண்டு. பெரிய காடு இல்லைதான். ஆனால் பிரான்மலை, எஸ்.புதூர் பக்கத்துக் குன்றுக் காடுகள், திருமயம் பக்கம் வரை நீளும் தைலமரக் காடுகள், கோயில்காடுகள், கண்மாய் முழுக்க மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் எல்லாம் சேர்ந்து திட்டுத்திட்டாக மறைவிடம் தருகின்றன. மான் பகலில் அந்த மறைவில் படுத்திருந்து, இருட்டியதும் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் கிளம்பும். ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் நடுவேதான் உங்கள் சாலை போகிறது. பங்குனி, சித்திரையில் கண்மாய்கள் வற்றிவிட்டால் தண்ணீர் கிடக்கிற ஊருணியைத் தேடி வெகுதூரம் வரும். இதே கோடையில்தான் கிடாமான்களும் துணை தேடி அலையும், வண்டி வெளிச்சத்தைப் பொருட்படுத்தாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சாலையோரம் புல் தளதளவென்று முளைத்திருக்கும், அதை மேய வரும். இதில் ஊகம் ஒன்றும் இல்லை. எந்த வளைவு, எந்தப் பாலம், எந்த மாதம் என்று சாலையோர டீக்கடைக்காரரும் ஆடு மேய்ப்பவரும் விரல் வைத்துக் காட்டுவார்கள். நாங்கள் மனுவோடு இணைத்த வரைபடம் அவர்கள் காட்டியதுதான். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அகலமான சாலை வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகிறவர்களுக்கு அது உயிர் காக்கிற சாலை. ஆனால் இருவழிச் சாலையில் ஒரே மூச்சில் தாண்டிப் போன மான், நான்குவழிச் சாலையில் நடுத்திட்டு வரை வந்து அரளிச் செடிக்குள் மாட்டிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் வெளிச்சம், இரைச்சல். எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் திகைத்து நின்று, கடைசியில் வண்டிக்கு முன்னாலேயே குதிக்கிறது. சாலையை அகலப்படுத்தியபோதே இதை யோசித்திருக்க வேண்டும்.

பலகை விஷயத்துக்கு வருவோம். மான் படம் போட்ட முக்கோணப் பலகை இருக்கிறது, உண்மைதான். அது பகலிலும் இருக்கிறது, இரவிலும் இருக்கிறது, மானே வராத ஆவணியிலும் இருக்கிறது. எந்நேரமும் குரைக்கிற நாய்க்கு வீட்டுக்காரன் எழுந்து வருவதில்லை. தினமும் அந்த வழியில் போகிறவருக்கு அந்தப் பலகை கண்ணிலேயே படாது. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லா மனித மூளையும் அப்படித்தான் வேலை செய்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். எதிர்பாராத ஒன்றைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒருவருக்குச் சுமார் ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின், காய்ந்த சாலையிலேயே, நிற்க இன்னும் 35 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் 70 மீட்டர். எதிரே வண்டி வருகிறதே என்று விளக்கைத் தாழ்த்தினால் சுமார் 50 மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். அதாவது மானைப் பார்த்தபின் நிறுத்தவே முடியாது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 45 மீட்டரில் நின்றுவிடலாம். இன்னொன்றும் உண்டு. ஏதோ வரப்போகிறது என்று தெரிந்து ஓட்டுகிறவரின் கால் முக்கால் விநாடியிலேயே பிரேக்குக்குப் போய்விடும். அதில் மட்டும் 16 மீட்டர் மிச்சம். ஆக, முன்கூட்டியே ஒரு நம்பகமான எச்சரிக்கை கிடைத்தால், வேகமும் குறைகிறது, கவனமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் மானும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். நாங்கள் கேட்பது அந்த நம்பகமான எச்சரிக்கையைத்தான்: விலங்கு உண்மையிலேயே சாலையோரம் வந்து நிற்கும்போது மட்டும் எரிகிற விளக்கு.

இது கனவுத் திட்டமில்லை. சுவிட்சர்லாந்தில் 1990களிலேயே வைத்தார்கள். விலங்கின் உடல்சூட்டை உணரும் கருவி சாலையோரம் இருக்கும், விலங்கு நெருங்கினால் எச்சரிக்கைப் பலகை ஒளிரும். ஏழு இடங்களில் ஆராய்ந்து பார்த்ததில் பெரிய விலங்குகளோடு நடந்த மோதல்கள் சராசரியாக 82 விழுக்காடு குறைந்திருந்தன. அமெரிக்காவின் அரிசோனாவில் எல்க் என்னும் பெரிய மான்கள் கடக்கும் சாலையில் வேலி போட்டு, வேலியில் ஓரிடத்தில் மட்டும் வழி விட்டு, அந்த வழியில் கண்டறியும் கருவியை வைத்தார்கள். மோதல்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. வேலியும் சேர்ந்து செய்த வேலை அது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவியை மட்டும் நட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கோவை மதுக்கரையில் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க நம் தமிழ்நாடு அரசே 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. சுமார் 7 கிலோமீட்டர் தூரத்துக்கு 12 கோபுரங்கள், வெப்பக் கேமராக்கள். செலவு 7.24 கோடி ரூபாய். பாதைக்கு அருகே யானை வந்தால் உடனே தகவல் போகிறது, ரயில் வேகம் குறைகிறது. யானைக்குச் செய்ய முடிந்ததை மானுக்கும் பைக்கில் வரும் பையனுக்கும் செய்ய முடியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? எங்களுக்கு 7 கிலோமீட்டரும் வேண்டாம், 12 கோபுரமும் வேண்டாம். வரைபடத்தில் காட்டிய இடங்களில் ஒவ்வொன்றும் சில நூறு மீட்டர்தான்.

அதே நேரம், வெளிநாட்டுக் கருவியை அப்படியே வாங்கி இங்கே நட்டுவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சூட்டை உணரும் கருவி, விலங்கின் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. பனி விழும் நாட்டில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எங்கள் ஊரில் சித்திரை மாதம் வெயில் 40 டிகிரி. செம்மண்ணும் செம்பூராங்கல்லும் தாரும் பகலில் குடித்த சூட்டை இரவு எட்டு ஒன்பது மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். மானின் உடல்சூடும் ஏறத்தாழ அதே அளவுதான். தரையும் மானும் ஒரே சூட்டில் இருந்தால் கருவி எதைக் கண்டுபிடிக்கும்? அந்த நேரம்தான் மான் தண்ணீருக்குக் கிளம்புகிற நேரம். ஆகவே இங்கே ரேடாரும் வெப்பக் கேமராவும் சேர்ந்துதான் வேண்டும். ரேடார் அசைவைப் பார்க்கும், சூட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

சாலையோரம் கம்பத்துக்குக் கம்பம் ஒளிக்கற்றை விட்டு, அதை எது குறுக்கிட்டாலும் விளக்கு எரியும்படி செய்கிற முறையும் உண்டு. விலை குறைவு என்று யாராவது அதைப் பரிந்துரைத்தால் தயவுசெய்து ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து பாருங்கள். கருவேலங்கன்று மளமளவென்று வளர்ந்து கற்றையை மறைத்துவிடும். காற்றில் கிளை ஆடினாலும் விளக்கு எரியும். பொய்யாக நாலு தடவை எரிந்தால் ஐந்தாவது தடவை யாரும் நம்ப மாட்டார்கள், பழைய பலகைக் கதைதான். பல நாடுகளில் இப்படிப்பட்ட கருவிகளைப் பொய் எச்சரிக்கைக்கும் பழுதுக்கும் தாங்காமல் கழற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் சரியாக வைக்கப்பட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஏதோ ஒன்றை வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் பேட்டரி செத்து நிற்கிற கம்பம் எங்களுக்கு வேண்டாம்.

பேட்டரி என்றதும் ஒன்று. மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. வள்ளல் அழகப்பர் நிலம் கொடுத்து, பணம் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த அறிவு இது. சூரிய ஒளியில் இயங்கும் கருவிக்கு இந்த வெயிலைத் தாங்குகிற பேட்டரி எது, எந்த உணரி இந்த மண்ணுக்குச் சரிவரும் என்று சோதித்துச் சொல்ல, சாலையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

மாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழில். உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் நெடுஞ்சாலைகளில் திரியும் கால்நடைகளை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க உத்தரவிட்டது. நல்லது. உரிமையாளர் இருக்கிற மாட்டைப் பிடித்துக் கட்டலாம். எங்கள் பக்கத்தில் கோயில் காளைகள் உண்டு. ஊருக்கே சொந்தம், ஊரே தீனி போடும், சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரியான இடங்களுக்கு அழைத்துப்போவார்கள். மற்ற நாளில் தன் போக்கில் திரியும். அவற்றின் கொம்பிலும் கழுத்திலும் ஒளிரும் பட்டை கட்டச் சொல்லி நானே ஊர்ப் பெரியவர்களிடம் பேசியிருக்கிறேன், சில ஊர்களில் கட்டியிருக்கிறார்கள். இது எங்கள் பங்கு, செய்கிறோம். ஆனால் மானைப் பிடித்துக் கட்ட எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது. அதற்குச் சாலைதான் விழித்திருக்க வேண்டும்.

மயிலுக்கு இந்தக் கருவி உதவாது. குன்றக்குடி மலையடியில் மட்டுமல்ல, இப்போது எல்லா ஊரிலும் மயில் இருக்கிறது. விடியலிலும் அந்தியிலும் மார்பு உயரத்தில் தாழப் பறந்து சாலையைக் கடக்கும். பைக்கில் போகிறவர் முகத்தில் மோதினால் கதை முடிந்தது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லையும் கேழ்வரகையும் தார்ச்சாலையிலேயே காயப்போடுகிறோம், சிந்திய தானியத்துக்கு மயில் கூட்டமாக வருகிறது. விவசாயிகளைத் திட்ட மாட்டேன், களம் இல்லாமல்தான் சாலைக்கு வருகிறார்கள். ஊருக்கொரு உலர்களம் இருந்தால் இது பாதி தீரும். அப்புறம், கல்யாண மண்டபங்களிலிருந்து எச்சில் இலையையும் மிஞ்சிய சோற்றையும் இரவோடு இரவாகச் சாலையோரம் கொட்டுகிறார்கள். அதற்கு மாடு வரும், நாய்க்கூட்டம் வரும். அந்த நாய்கள்தான் மானைத் துரத்திச் சாலைக்கு விரட்டுகின்றன. நான் பார்த்த அடிபட்ட மான்களில் பலவற்றின் பின்னங்காலில் நாய்க்கடி இருந்தது.

இரவில் சாலையை மூடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பந்திப்பூரில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. திம்பம் மலைப்பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் கட்டுப்பாடு வந்தது. அவை புலிகள் காப்பகங்கள். எங்களுடையது ஊரும் வயலும் காடும் கலந்து கிடக்கிற பூமி, மூட முடியாது. தை மாதத்தில் பழனிக்குக் காவடியோடு நடக்கிற நகரத்தார் கூட்டமும் மற்ற பாதயாத்திரைக்காரர்களும் இருட்டில் இந்தச் சாலையோரமாகத்தான் போகிறார்கள். அசைவைப் பார்க்கிற ரேடார் அவர்களையும் பார்க்கும், அவர்களுக்காகவும் அந்த விளக்கு எரியும். வேறு காரணம் வேண்டுமானால் இந்த ஒன்றே போதும்.

பணம் இல்லை என்ற பேச்சு வரும். மனிதர் ஒருவர் சாலையில் செத்தால் அந்தக் குடும்பம் இழப்பதை நான் விலை போட்டுச் சொல்லப் போவதில்லை. சட்டத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை வடிவமைப்பவரும் அமைப்பவரும் பராமரிப்பவரும் உரிய பாதுகாப்புத் தரங்களைக் கடைப்பிடிக்காமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால் அவர்களைப் பொறுப்பாக்குகிறது. இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016லேயே, சாலைகளால் விலங்குகளுக்கு வரும் பாதிப்பைக் குறைப்பது எப்படி என்று விரிவான வழிகாட்டி கொடுத்திருக்கிறது. பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையின் மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் கடக்க ஒன்பது அமைப்புகள் கட்டப்பட்டு, ஆயிரக்கணக்கான முறை விலங்குகள் அதன் வழியாகப் போனது கேமராவில் பதிவாகியிருக்கிறது. புலி இருக்கிற இடத்தில் மட்டும்தான் இந்த அக்கறை என்றால் அது நியாயமில்லை.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலில், கோப்பை மறுபடி திறந்து, "விபத்துகள் இல்லை" என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வனச்சரகத்தின் மான் இறப்புப் பதிவேடு, காவல் நிலையங்களின் "தானே விழுந்த" வழக்குகள், ஆம்புலன்ஸ் அழைப்பு விவரம், கால்நடை மருத்துவமனையின் உடற்கூறாய்வு அறிக்கைகள் எல்லாவற்றையும் இடம், தேதி, நேரத்தோடு ஒரே வரைபடத்தில் போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டால் போதும். நாங்கள் குறித்த இடங்களும் அந்தப் புள்ளிகளும் பொருந்துகின்றனவா என்று எல்லோரும் பார்க்கட்டும். இனிமேல் விபத்துப் பதிவில் "விலங்கு குறுக்கிட்டது" என்று குறிக்கத் தனி இடம் வேண்டும், பாதிக்கப்பட்டவர் சொன்னாலே அதை எழுத வேண்டும்.

அந்த வரைபடத்தில் மோசமாகத் தெரிகிற இரண்டு இடங்களில், வருகிற மாசிக்குள், கோடை தொடங்கும் முன்பே, ரேடாரும் வெப்பக் கேமராவும் சேர்ந்த கண்டறியும் கருவியைச் சோதனையாக வையுங்கள். எச்சரிக்கை விளக்கு விலங்கு கடக்கும் இடத்துக்குக் குறைந்தது 150 மீட்டர் முன்னதாக, இரு திசையிலும் இருக்க வேண்டும். விளக்கு எரியும்போது அதிலேயே 40 கிலோமீட்டர் என்ற வேக வரம்பும் ஒளிர வேண்டும், வெறும் மான் படம் போதாது. எத்தனை முறை எரிந்தது, எத்தனை முறை பொய், வண்டிகள் எவ்வளவு வேகம் குறைத்தன என்ற விவரத்தை மாதந்தோறும் வெளியிடுங்கள். பராமரிப்புக்கு யார் பொறுப்பு, பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

காசு அதிகம் பிடிக்காத வேலைகளுக்குச் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த இடங்களில் சாலையோரம் பத்து மீட்டருக்காவது சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். நடுத்திட்டு அரளியை அங்கே மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கண்மாய் வரத்துக்கால்வாய்கள் சாலைக்கு அடியில் கடக்கிற சிறுபாலங்களில் கட்டட இடிபாடு அடைத்துக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டால் கோடையில் மான் அடிவழியாகவே போகும். சாலையோரம் எச்சில் இலை கொட்டுபவர்களுக்கு உள்ளாட்சி மூலம் அபராதம் போடச் சொல்லுங்கள். காட்டை ஒட்டிய ஊருணிகளில் கோடையில் தண்ணீர் விட வனத்துறையோடு பேசுங்கள். மான் சாலையைத் தாண்டாமலேயே தண்ணீர் குடிக்கட்டும்.

கடைசியாக, ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு எங்களோடு அந்தச் சாலைக்கு வாருங்கள். அடுத்த முப்பது நாளுக்குள் ஒரு தேதி சொல்லுங்கள். ஆடு மேய்ப்பவர், டீக்கடைக்காரர், அடிபட்ட பையனின் அம்மா எல்லோரும் வருவார்கள். இடங்களைக் காட்டுவோம். அதற்குப் பிறகு எழுத்துமூலம் பதில் வேண்டும். எந்தெந்த இடத்தில், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பில் என்று அதில் இருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் இதே மடலையும் உடற்கூறாய்வு விவரங்களையும் சேர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல மனுவாகத் தாக்கல் செய்ய எங்கள் கிராமங்கள் முடிவு செய்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
காரைக்குடி வட்டாரச் சாலையோரக் கிராமங்களின் சார்பில்